அடுப்புக்கென்று அழைத்து வந்த மரம்

கடையநல்லூரிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போக மலையின் ஈரம் குறையும், சீமைக் கருவேலம் கூடும். குளத்து உள்வாய், ஓடைக்கரை, தரிசு, ரயில் பாதையோரம் என்று எங்கும் அதே மங்கிய பச்சை. அதைத் திட்டாத ஊர் இந்தப் பக்கம் இல்லை. தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது, மேய்ச்சலைக் கெடுத்தது, முள் ஏறினால் கால் வாரக்கணக்கில் வீங்குகிறது. குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை உண்மைதான். ஆனால் திட்டுகிற நாம் ஒன்றை மறந்துவிட்டோம். இந்த மரம் தானாக இங்கே வரவில்லை. விறகு வேண்டும் என்று எழுதிக் கேட்டு, கடல் கடந்து வரவழைத்து, ஊன்றப்பட்டது. எரிப்பதற்காக வந்ததை எரிக்காமல் விட்ட பிறகு அதன் போக்கே மாறியது. இன்று அதே மரம் விரல் நீளச் சீவலாகக் கொதிகலனின் வாயில் விழுகிறது. அங்கே வந்து சேர அதற்கு ஏறக்குறைய 150 ஆண்டு பிடித்திருக்கிறது.

சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதி. மெக்சிகோவிலிருந்து கொலம்பியா, வெனிசுவேலா வரை வறண்ட கரைகளிலும், கரீபியத் தீவுகளிலும் அது வளர்கிறது. ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் 1780-களில் அந்தத் தீவுகளில் அலைந்து திரிந்து சேகரித்த செடிகளில் இதுவும் ஒன்று. 1788-ல் அவர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அப்போது சென்னை மாகாணத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

தேவை வந்தது ரயிலோடு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அன்றைய எஞ்சின்கள் நிலக்கரிக்கு ஏங்கி நிற்க முடியாமல் விறகையே தின்றன. தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை, கொதிகலனுக்குள் போடக் கட்டை. பாதை நீள நீளச் சுற்றுவட்டாரக் காடு மொட்டையானது. அதே 1856-ல்தான் ஹியூ கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறையும் உருவானது. அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். அவர் திருநெல்வேலி மலைகளுக்குப் புதியவர் அல்ல. இங்குள்ள காடுகளில் ஏறி இறங்கிப் பெரணிகளையும் பாம்புகளையும் சேகரித்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல உயிர்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். காட்டை அவ்வளவு நேசித்த ஒருவர் கையால்தான் இந்தக் கதை தொடங்குகிறது என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இருக்கிற காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் வெட்டுவதற்கென்று வேறொரு காடு வேண்டும் என்று அந்தக் காலத்து வனத்துறை நினைத்தது. நினைப்பில் நியாயம் உண்டு.

1876-ல் பெட்டோம் சென்னை வருவாய்த் துறைச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினார். வறண்ட நிலத்தில் நடுவதற்கு இந்த மர விதை வேண்டும் என்பது கோரிக்கை. ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877-ல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். ஆண்டைக் கவனிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம் அது. மழை இல்லாமலும் பிழைக்கும் ஒரு மரத்தின் மேல் அன்றைக்கு ஒருவருக்கு ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வேறு கதை சொல்வார்கள். காமராசர் ஆட்சியில் விமானத்திலிருந்து விதையைத் தூவினார்கள் என்பது அந்தக் கதை. சொல்பவர்கள் கோபத்தோடும் சொல்வார்கள், நன்றியோடும் சொல்வார்கள். அடுப்பெரிக்க வழியில்லாத சனத்துக்கு அந்த மனிதர் கொடுத்த விறகு என்பது நன்றி. காமராசர் பிறந்தது 1903-ல். அதற்கு 26 ஆண்டுக்கு முன்பே கமலாபுரத்தில் விதை முளைத்துவிட்டது. பிறகு பல கைகள் மாறி, பல அரசுகளின் நடவுத் திட்டங்களில் ஏறி அது பரவியது. ராஜஸ்தானத்தில் ஜோத்பூர் மன்னர் 1940-ல் அதை அரச மரியாதைக்குரிய தாவரமாகவே அறிவித்தார்.

பரவியதற்கு மனிதர்கள் மட்டும் காரணமில்லை. மஞ்சள் நிறத்தில் தொங்கும் அதன் நெற்று இனிக்கும். ஆடும் மாடும் ஆசையாகத் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் அடுத்த குளத்துக்குப் போய் விழும், எருவோடு சேர்ந்தே முளைக்கும். வேர் ஆழம் தேடும். இதன் உறவு மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 50 மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள். தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். இந்தத் தூரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இத்தனை குணமும் ஒரு காலத்தில் வரம். கடையநல்லூர் நெசவு ஊர். தறி வேறு வீடு வேறு என்று இருந்ததில்லை. குழித்தறி வீட்டுக்குள்ளேயே, சாயத்தொட்டி கொல்லையில். பருத்தி நூலில் இயல்பாக ஒரு மெழுகு உண்டு. சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து அதை எடுத்தால்தான் சாயம் ஒட்டும். பிறகு சாயத்துக்கும் வெந்நீர். பாவுக்குப் போடும் கஞ்சியைக் காய்ச்சவும் தீ. ஒரே அடுப்பு பட்டறைக்கும் வீட்டுக்கும் உழைத்தது. சாயத்துக்குக் காய்ந்த தண்ணீர் போக மிச்சச் சூட்டில் குளிக்கிற தண்ணீர் காயும். மார்கழிக் காலையில் மலைக்காற்று இறங்கும்போது அந்தக் கொல்லைப்புறம்தான் வீட்டிலேயே கதகதப்பான இடம். குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டைச் சூடாக்குவது பற்றிப் பேசுவதில் நமக்கு நெருக்கமானது அவ்வளவுதான். நமக்குச் சூடு வேண்டியது அறைக்கு அல்ல, தண்ணீருக்கு.

இந்த ஊர்க்காரர்கள் கப்பலேறிச் சிங்கப்பூர் போய்த் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள், 1941-ல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கமும் கண்டார்கள். ஆட்கள் கிழக்கே கடல் தாண்டினார்கள். மேற்கிலிருந்து கடல் தாண்டி வந்த மரமோ இங்கே மிஞ்சியவர்களின் அடுப்பில் எரிந்தது. கல்யாணத்துக்கு நெய்ச்சோறு ஆக்கும்போது இன்றைக்கும் சமையல் பண்டாரி கேட்பது இந்தக் கட்டையைத்தான். நின்று எரியும், பொறி சிதறாது, கடைசியில் விழும் கங்கு கெட்டியாக இருக்கும். தேக்சாப் பாத்திரத்தின் மூடிமேல் அந்தக் கங்கை அள்ளிப் பரப்பித் தம் போட்டால் மேலும் கீழும் ஒரே சூடு. கியாஸ் அடுப்பில் இந்த வேலையைச் செய்ய வழியே இல்லை.

கிழக்கே முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் இது பிழைப்பாகவே ஆனது. அங்கே கரிமூட்டம் போடுவது தனித் தொழில். கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசி மூடி, ஒரு துவாரம் வழியே தீயிடுவார்கள். மூட்டத்துக்குள் காற்று போதாமல் மரம் எரியாது, வேகும். முதலில் வருவது வெள்ளைப் புகை. அது மரத்தின் தண்ணீர். புகை மெலிந்து நீலம் பாயும்போது உள்ளே கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மண்ணில் எங்காவது விரிசல் விட்டால் மொத்த உழைப்பும் சாம்பல். அதனால் இரவிலும் ஒருவர் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே கிடப்பார். மழை பொய்த்த ஆண்டுகளில் விவசாயம் தராத கஞ்சியை இந்தக் கரி பல குடும்பங்களுக்குத் தந்தது. மரத்தை ஒழிக்கச் சொல்லிப் பேசுகிறவர்கள் இவர்களிடம் முதலில் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு கியாஸ் வந்தது. 2006-ல் அமைந்த தி.மு.க. அரசு இலவச எரிவாயு அடுப்புக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா. சுமை தூக்கிக் கழுத்து வளைந்த பெண்களுக்கும், புகையில் கண் எரிந்தவர்களுக்கும் அது விடுதலை. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அதுவரை தினமும் அரிவாளோடு குளத்துக்குள் போன கைகள் நின்றுபோயின. மரம் நிற்கவில்லை. குளத்தைத் தூர்வாரும் குடிமராமத்து ஏற்கெனவே நின்றிருந்தது, உழுத நிலம் தரிசாகிக்கொண்டிருந்தது. மேய்க்க ஆளில்லாத இடத்திலும் மாடு தின்று போட்ட விதை முளைத்தது. எல்லாம் ஒரே காலத்தில் சேர்ந்துகொண்டன. விறகாக இருந்தது புதராக மாறியது.

பிறகு நீதிமன்றம். வைகோ தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. 2017 தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக ஜேசிபி இறங்கியது. அதே ஆண்டு, அறிவியல் ஆய்வு இல்லாமல் இப்படி அகற்றலாமா என்ற எதிர்வழக்கில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. இதே மரத்துக்காக நம்மைப் போலவே நீதிமன்றம் ஏறியவர்கள் கென்யாவின் பரிங்கோ வட்டாரத்து மக்கள். இனிப்பு நெற்றைத் தின்று பல் கொட்டிப்போன ஆடு ஒன்றையே சாட்சியமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வழக்குகளில் அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. வெட்டிய மரம் எங்கே போகும்? ஒரு பகுதி கரிமூட்டத்துக்கு, ஒரு பகுதி செங்கல் சூளைக்கு. மீதி போவது கொதிகலனுக்கு. சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் இந்த மரத்தை நம்பியே சிறு மின்நிலையங்கள் வந்தன. துணி ஆலை, சாய ஆலை, சைசிங் ஆலை எல்லாவற்றிலும் நீராவிக்கு இது ஓடுகிறது.

கொதிகலனுக்கு மரம் இரண்டு விதமாகப் போகும். பழைய வழி, கைநீளக் கட்டையை அடுப்புக் கதவைத் திறந்து எறிவது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குளிர்ந்த காற்று உள்ளே அடித்துத் தீயை அமர்த்தும். புகைபோக்கியில் கறுப்புப் புகை எழும். அந்தக் கறுப்பு, எரியாமல் தப்பிய மரம். மரம் எரிகிறது என்று நாம் சொல்லும்போது உண்மையில் எரிவதில் பெரும்பங்கு மரத்திலிருந்து கிளம்பும் வாயு. எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகிப் பிரியும், மீதிதான் கங்காக நின்று கனலும். அந்த வாயுவுக்கு மேலிருந்து தனியாகக் காற்றுக் கொடுத்து, போதிய சூட்டில் சற்று நேரம் நிறுத்தினால் முழுக்க எரியும். இல்லாவிட்டால் புகையாகவும் தாராகவும் போகும்.

புது வழி சீவல். டிராக்டரில் ஓடும் சீவும் எந்திரத்தின் உருளைக் கத்தி கோணல்மாணலான கிளையையும் முள்ளையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தள்ளும். கோணல் இந்த மரத்தின் பெரிய சிக்கல். நேரான தடி பத்துக்கு ஒன்று தேறாது, அதனால் லாரியில் அடுக்கினால் பாதி காற்றுதான் பயணம் போகும். சீவினால் அந்தச் சிக்கல் குறையும். சீவல் சமச்சீராக இருப்பதால் திருகு ஒன்று கிடங்கிலிருந்து அதை இழுத்து, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புக்குள் தள்ளும். கதவு மூடியபடியே இருக்கும். ஆஸ்திரியாவில் 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பண்ணை வீடுகள் இதைப் பிடித்துக்கொண்டன. சொந்தத் தோப்பில் கிளை கழித்துச் சீவி, கொட்டகையில் காயவைத்து, ஒரே கொதிகலனால் வீட்டையும் பக்கத்துத் தச்சுப் பட்டறையையும் குளிர்காலம் முழுவதும் சூடாக வைக்கிறார்கள். அங்கே சீவலுக்கு அளவும் ஈரமும் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இங்கே அந்தத் தரக்கட்டுப்பாடு கொதிகலன்காரரின் உள்ளங்கைதான்.

எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறேன். லாரி கொட்டிய குவியலுக்குள் அவர் முழங்கை வரை கையை விட்டார். உள்ளிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஈரம் மினுங்கியது. புளித்த வாடை.

"பச்சக் கட்ட, அண்ணாச்சி. இதப் போட்டா முதல்ல தண்ணியத்தான் எரிக்கணும். உள்ள பாருங்க, சூடா வேற இருக்கு. இப்படியே மூணு நாள் கிடந்தா குவியலே புகையும்."

அவர் சொன்னதில் ஒரு சொல் மிகையில்லை. நன்றாகக் காய்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 4,300 கிலோ கலோரி தரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தால் 3,300 தேறும். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் சாதாரணக் கொதிகலன் பிடித்துக்கொள்ளும் என்று வைத்தால், ஒரு கிலோ சீவல் மூன்றரை லிட்டர் தண்ணீரை நீராவியாக்கும். வெட்டிய கையோடு சீவி எடையில் நாற்பது சதவீதம் தண்ணீரோடு வந்த சீவல் இரண்டரை லிட்டரைக்கூடத் தாண்டாது. லாரிக்குக் கொடுத்த காசில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீருக்குக் கொடுத்ததாகிவிடும். சாயப்பட்டறைக்குப் பச்சைச் சீவல் விற்பது பாலில் தண்ணீர் கலப்பதற்குச் சமம். வெட்டிய கிளையைச் சித்திரை வெயிலில் குளத்தங்கரையிலேயே ஒரு மாதம் போட்டுவைத்துவிட்டுச் சீவினால் போதும், நம் வெயிலுக்கு வேறு அடுப்பு வேண்டாம்.

நீராவி விளையாட்டுப் பொருள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1863-ல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்த பிறகுதான் வங்காளத்தில் மறு ஆண்டே அதற்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923-ல், அதன் இடத்தில் புதுச் சட்டம் 2025-ல். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், ஆண்டுதோறும் சோதனை நடக்க வேண்டும். சாயத்துக்கு வெந்நீர் மட்டும் போதும் என்கிற சிறு பட்டறை, அழுத்தம் ஏறாத திறந்த வெந்நீர்த் தொட்டியோடு நிற்பதே நல்லது.

இப்போது தூருக்கு வருகிறேன். சீவல் எரிந்த அடுப்பின் தட்டில் சில நாள் சாம்பல் பொடியாக விழாமல், கண்ணாடிபோல் உருகிக் கட்டியாகி இறுகிக் கிடக்கும். கடப்பாரை போட்டுப் பெயர்க்க வேண்டும், கொதிகலனை அணைத்து ஆறவைக்க வேண்டும், அன்றைய சாயம் கெடும். மரச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. அதோடு மணல் சேர்ந்தால் இரண்டும் உடன்பட்டுக் குறைந்த சூட்டிலேயே உருகும். மணல் எங்கிருந்து வருகிறது? வேரிலிருந்து. தண்டும் கிளையும் மட்டும் சீவிய லோடில் இது அரிது. தூரையும் வேரையும் கூடச் சேர்த்துச் சீவியதில் வந்தே தீரும். சீவும் எந்திரத்தின் கத்தியும் மண்ணில் மழுங்கும். அதனால் கொதிகலன்காரர் "தூர்க்கட்டை வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிடுகிறார்.

ஒப்பந்தக்காரருக்கு இதைவிட வசதி வேறில்லை. தரையோடு வெட்டினால் வேலை குறைவு, மூன்று நான்கு ஆண்டில் அதே தூரிலிருந்து அடுத்த லோடு. ஏலம் எடுத்தவர் குளத்தைச் சுத்தம் செய்ததாகக் கணக்குக் காட்டுவார். உண்மையில் அவர் அறுத்தது புல். குளத்துக்கு வேண்டியது நேர் எதிர். கிளை போனாலும் போகாவிட்டாலும் தூர் வெளியே வர வேண்டும். அது உள்ளே இருக்கிற வரை தண்ணீர் தேங்கும் கொள்ளளவும் திரும்பாது, நாட்டுக் கருவேலத்துக்கோ புங்கைக்கோ இடமும் கிடைக்காது. ஆக, கொதிகலனின் நலனும் குளத்தின் நலனும் இந்த ஒரு முழம் கட்டையில்தான் பிரிகின்றன. மரத்தை எரிபொருளாக்கினால் தானே ஒழிந்துவிடும் என்று சொல்கிறவர்களும், எரிபொருளாக்கினால் நட்டு வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்களும் இந்த இடத்தைப் பார்க்கவில்லை.

தூர்க்கட்டைக்கு வாங்குகிறவர் இல்லாமல் இல்லை. செங்கல் சூளைக்கு மண் பொருட்டல்ல, அங்கே உருகினாலும் செங்கல்லுக்கு இடையில்தானே உருகப்போகிறது. கரிமூட்டக்காரர்களுக்குத் தூர்க்கட்டை இன்னும் விருப்பம். வைரம் பாய்ந்த கட்டை, கரி கனமாக விழும். ஒரு மழைக்காலம் வெட்டவெளியில் கிடந்தால் மண்ணும் கழுவிப்போகும். எனவே ஏலத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்கிறேன். கிளையும் தண்டும் சீவலுக்கு ஒரு விலை, தூர் சூளைக்கும் கரிக்கும் வேறு விலை. தூரைத் தோண்டி எண்ணிக் காட்டிய பிறகே முதல் ஏலத்தின் முன்பணம் திரும்ப வேண்டும். தோண்டிய குழியை ஊராட்சி அந்த மழைக்கு முன்பே மூடி, கரையில் நாட்டு மரக் கன்று வைக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் தங்கள் பங்குக்கு, அடுத்த பத்து ஆண்டுக்கு இந்த வட்டாரக் குளங்களில் எத்தனை லோடு இருக்கிறது என்று பார்த்து அதற்குத் தக்க கொதிகலன் வாங்கட்டும். குளங்கள் சுத்தமான பிறகு எரிக்க அரிசி ஆலை உமி இருக்கிறது, தென்னந்தோப்பின் மட்டையும் சிரட்டையும் இருக்கின்றன.